மார்ச்சில் எழுதி அக்டோபரில் திருத்தும் தாள்: பேஸ்பால் பிரிவுப் பட்டியலைக் கணிக்கப் பழகுவோருக்கு

2025 நவம்பர் 2, ஞாயிறு காலை. டொரொன்டோவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. பேஸ்பால் சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 11 இன்னிங்ஸ் வரை இழுத்து, அந்த ஊர் அணியான புளூ ஜேஸ் 5-4 என்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் தோற்றது. சற்று நேரத்தில் டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து என் மனைவியின் தம்பி அழைத்தார். ஜூன் மாதம் வரை பேஸ்பாலைத் திரும்பிப் பார்க்காதவர். அந்த நேரத்தில் குரல் கம்மியிருந்தது. "பரவாயில்லை அத்தான். அடுத்த ஆண்டும் எங்கள் பிரிவில் நாங்கள்தான் முதலிடம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் எதை எழுதுவது? "முதலிடம்" என்ற ஒரு சொல்லை எழுதி வைத்தால் அது ஆசை. "86 வெற்றி, ஒன்பது கூடலாம், ஒன்பது குறையலாம்" என்று எழுதினால் அது கணிப்பு. இரண்டாவதை எழுத ஒரு மாலைப்பொழுதும், ஒரு தாளும், கூட்டல் கழித்தலும் போதும். அவருக்குச் சொல்லிக்கொடுத்த முறையையே இங்கே எழுதுகிறேன். பந்தயம் கட்டுவதற்கு அல்ல. அந்த ஆசையோடு படிப்பவர்கள் ஐந்தாம் பகுதியை மட்டும் இரண்டு முறை படிக்கவும், ஆசை தணிந்துவிடும்.

முதலில் களத்தின் அமைப்பு. மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரு பாதி. ஒவ்வொன்றிலும் கிழக்கு, மத்திய, மேற்கு என்று மூன்று பிரிவுகள். பிரிவுக்கு ஐந்து அணிகள். ஓர் அணி மார்ச் இறுதி முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய தினமும் ஆடி 162 ஆட்டங்களை முடிக்கிறது. பிரிவில் முதலிடம் பிடிப்பவர் நேராக பிளேஆஃப் போகிறார். மிச்சமிருக்கும் அணிகளில் லீக்குக்கு மூன்று, வைல்ட் கார்டு என்ற பின்வாசல் வழியாக உள்ளே வருகின்றன. 2022 முதல் இப்படித்தான்.

செய்தித்தாளில் பட்டியலைப் பார்க்கும்போது "எத்தனை ஆட்டம் பின்னால்" என்று ஒரு பத்தி இருக்கும். முதலிடத்தோடு ஒப்பிட்டு வெற்றியில் உள்ள வித்தியாசத்தையும் தோல்வியில் உள்ள வித்தியாசத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். அரை ஆட்டம் என்று வருவது ஓர் அணி ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருப்பதால். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் இது.

எடுத்துக்காட்டாக ஒரே பிரிவை இறுதிவரை பிடித்துக்கொள்கிறேன்: அமெரிக்கன் லீக் கிழக்கு. நியூயார்க் யாங்கீஸ், பால்டிமோர் ஓரியோல்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ், டாம்பா பே ரேஸ், டொரொன்டோ புளூ ஜேஸ். 2024 முடிவை வைத்து 2025ஐக் கணிப்போம். விடை நமக்கு முன்பே தெரியும் என்பதால் கை தானாக அந்தப் பக்கம் சாயும். அதனால் 2025 மார்ச் வரை தெரிந்த செய்திகளுக்கு மட்டுமே அனுமதி.

1. வெற்றியை மூடி வைத்துவிட்டு ரன்னைப் பாருங்கள்

2024 பட்டியல் இது. யாங்கீஸ் 94 வெற்றி, ஓரியோல்ஸ் 91, ரெட் சாக்ஸ் 81, ரேஸ் 80, புளூ ஜேஸ் 74. பெரும்பாலானோர் இதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டுக்கும் இதே வரிசையை, ஒன்றிரண்டை மட்டும் மாற்றி, எழுதிவிடுவார்கள். அங்கேயே முதல் பிழை.

வெற்றி என்பது ஓர் அணி அடித்த ரன்னும் விட்டுக்கொடுத்த ரன்னும் சேர்ந்து உருவாக்கும் விளைவு. 10-1 என்று ஜெயித்தாலும் ஒன்று, 3-2 என்று ஜெயித்தாலும் ஒன்று. ஆனால் அணியின் திறமை முதலாவதில்தான் தெரிகிறது. இரண்டாவதில் காற்றடித்த திசைக்கும் பங்கு உண்டு. கிரிக்கெட் புள்ளிப்பட்டியலில் நிகர ரன் விகிதத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதல்ல. அங்கே அது சமநிலையைப் பிரிக்க மட்டும் உதவுகிறது; இங்கே அதுதான் அடித்தளம்.

பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் ஆய்வாளர் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், ஓர் அணி எத்தனை சதவீத ஆட்டங்களை வென்றிருக்க வேண்டும் என்று வரும். கர்ணத்தின் வர்க்கம் படித்த ஞாபகம் வருகிறதா? அதனால்தான் இதற்குப் பித்தாகரஸ் பெயர். யாங்கீஸ் 2024இல் அடித்தது 815, கொடுத்தது 668. கணக்குப் போட்டால் 0.598, 162ஆல் பெருக்கினால் 97 வெற்றி.

வர்க்கம் போடச் சோம்பலாக இருந்தால் குறுக்குவழி உண்டு: பத்து ரன் வித்தியாசத்துக்கு ஒரு வெற்றி. 81இல் தொடங்குங்கள், ஏனென்றால் 162இல் பாதி அது. யாங்கீஸ் வித்தியாசம் +147, ஆக 81 உடன் 15 கூட்ட 96. ஒரு வெற்றிதான் பிசகு. நான் எப்போதும் குறுக்குவழியில்தான் போகிறேன்.

மற்ற நான்கு: ஓரியோல்ஸ் +87, ஆக 90. ரெட் சாக்ஸ் +4, ஆக 81. ரேஸ் −59, ஆக 75. புளூ ஜேஸ் −72, ஆக 74. ரேஸ் வரிசையைக் கவனியுங்கள்: பட்டியலில் 80 வெற்றி, ரன் கணக்கில் 75. ஐந்து வெற்றிகள் கூடுதலாக வந்திருக்கின்றன. அவை அடுத்த ஆண்டுக்குக் கூடவே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இதை நம்ப மறுப்பவர்களுக்கு இரண்டு அணிகளைக் காட்டுவேன். 2012 ஓரியோல்ஸ் 93 ஆட்டம் வென்றார்கள். ரன் வித்தியாசமோ வெறும் +7. ஒரே ரன்னில் முடிந்த ஆட்டங்களில் 29-9 என்று விளாசியிருந்தார்கள். "நெருக்கடியில் ஜெயிக்கத் தெரிந்த அணி" என்று ஊரெல்லாம் பாராட்டு. அடுத்த ஆண்டு அதே வகை ஆட்டங்களில் 20-31. மொத்தம் 85 வெற்றி. இதன் மறுபக்கம் 2023 சான் டியாகோ பாட்ரெஸ். ரன் வித்தியாசம் +104 இருந்தும் 82 வெற்றிதான். ஒரு ரன் ஆட்டங்களில் 9-23, கூடுதல் இன்னிங்ஸில் 2-12. "மனவலிமை இல்லாத கூட்டம்" என்று திட்டித் தீர்த்தார்கள். 2024இல் 93 வெற்றி. இடையில் மனவலிமைப் பயிற்சி நடந்ததாகத் தெரியவில்லை.

விதிவிலக்கு இல்லாமலில்லை. 2021 சியாட்டில் மரினர்ஸ் −51 ரன் வித்தியாசத்தில் 90 வெற்றி எடுத்தார்கள். அடுத்த ஆண்டு சரிவார்கள் என்று என் போன்றவர்கள் காத்திருந்தோம். மறுபடியும் சரியாக 90. ஆனால் இம்முறை ரன் வித்தியாசமும் நேர்க்குறியில் இருந்தது, அணியே மேம்பட்டிருந்தது. கணக்கு சொல்வது சாய்வைத்தான். ஒவ்வோர் அணியும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டியதில்லை.

2. எல்லோரையும் 81ஐ நோக்கி இழுங்கள்

புதியவர்கள் செய்யத் தயங்குவதும், கணிப்பை உடனே மேம்படுத்துவதும் இந்த ஒரு படிதான்.

ஒரு நாணயத்தை 162 முறை சுண்டிப் பாருங்கள். 81 தலை விழ வேண்டும் என்று கணிதம் சொன்னாலும், மூன்றில் இரண்டு முறைதான் 75க்கும் 87க்கும் நடுவில் விழும். மீதி ஒரு முறை அதற்கும் வெளியே போகும். அதாவது முற்றிலும் சராசரியான ஓர் அணி, யாரும் ஒன்றும் செய்யாமலே, ஓராண்டு 88 வெற்றியோடு பாராட்டு வாங்கும். மறு ஆண்டு 74 வெற்றியோடு மேலாளரை இழக்கும். உச்சியில் நிற்பவரிடம் திறமையும் இருக்கும், அதிர்ஷ்டமும் ஒட்டியிருக்கும். திறமை அடுத்த ஆண்டும் பெரும்பாலும் இருக்கும், அதிர்ஷ்டம் புதிதாகச் சுண்டப்படும்.

எவ்வளவு இழுப்பது? 81இலிருந்து உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். இது என் கைக்கணக்கு. கால் பங்கு என்பவர்களும் உண்டு, பாதி என்பவர்களும் உண்டு. யாங்கீஸ் 96லிருந்து 91 ஆகிறது. ஓரியோல்ஸ் 90லிருந்து 87. ரெட் சாக்ஸ் 81லேயே நிற்கிறது. ரேஸ் 75லிருந்து 77. புளூ ஜேஸ் 74லிருந்து 76.

சப்பென்று இருக்கிறதா? இருக்கத்தான் செய்யும். யாருக்கும் 100 வெற்றி வராது, யாரும் 100 தோல்விக்கு விழ மாட்டார்கள். நிஜத்தில் பல ஆண்டுகளில் யாரோ நூறைத் தொடுவார்கள். யார் என்று மார்ச்சில் சொல்ல முடியாததால் தாளில் அந்த எண்ணுக்கு இடமில்லை.

3. வந்தவர், போனவர்

இதுவரை போட்டது பழைய அணியின் கணக்கு. குளிர்காலத்தில் ஆட்கள் மாறுகிறார்கள். அந்த மாற்றத்தை வெற்றிகளாக எழுத "வார்" என்ற அளவுகோல் உதவும். ஒரு வீரருக்குப் பதிலாக இரண்டாம் நிலை லீகிலிருந்து எளிதில் கிடைக்கும் ஒருவரை நிறுத்தினால் அணி எத்தனை வெற்றியை இழக்கும் என்பதே அந்த எண். இப்படி எளிதில் கிடைக்கும் ஆட்களை மட்டும் வைத்து ஆடினால் ஒரு சீசனில் சுமார் 48 வெற்றி வரும் என்பது அதன் அடிப்படை. ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் ரெஃபரன்ஸ் ஆகிய தளங்களில் ஒவ்வொரு வீரருக்கும் இந்த எண் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒரே வீரருக்குச் சற்றே வேறு எண் தரும், அதற்காகக் கலங்க வேண்டாம்.

ஒரு வீரரின் அடுத்த ஆண்டு மதிப்புக்குப் போன ஆண்டு எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். டாம் டாங்கோ என்பவர் வகுத்த, வேண்டுமென்றே எளிமையாக வைத்த ஒரு முறை உண்டு. மார்செல் என்று குரங்கின் பெயர் வைத்திருக்கிறார், குரங்கும் போடக்கூடிய கணக்கு என்ற பொருளில். கடைசி மூன்று ஆண்டுகளுக்கு 5, 4, 3 என்று எடை கொடுத்துச் சராசரி எடுக்க வேண்டும். பிறகு லீக் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுக்க வேண்டும். வயதுக்குத் தக்கபடி ஒரு சிட்டிகை கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இருபதுகளின் இறுதியைத் தாண்டியவருக்குக் குறையும். ஜிப்ஸ், ஸ்டீமர், பெகோட்டா போன்ற பெரிய மாதிரிகள் இதைவிட நுணுக்கமானவை. ஆனால் குரங்கை அவை வெல்லும் தூரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

இப்போது தாளில் எழுதலாம். யாங்கீஸ்: ஹுவான் சோட்டோ 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் நகரின் மறுகோடிக்கு, மெட்ஸ் அணிக்குப் போய்விட்டார். அவர் 2024இல் தந்தது ஏறக்குறைய 8 வெற்றி. அவருக்குப் பதிலாக பிட்சர் (பந்து வீசுபவர்) மேக்ஸ் ஃபிரீட், 4. கோடி பெலிஞ்சரும் பால் கோல்ட்ஷ்மிட்டும் சேர்ந்து 3. ஆக 91லிருந்து 90.

ரெட் சாக்ஸ்: சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து வாங்கிய பிட்சர் கேரட் குரோஷே 4, அலெக்ஸ் பிரெக்மன் 3, வெளியேறியவர்களுக்காக 2 கழிக்க, 86. ஓரியோல்ஸ்: முதன்மை பிட்சர் கோர்பின் பர்ன்ஸ் அரிசோனாவுக்குப் போனார், −4, அந்தோனி சான்டாண்டர் டொரொன்டோவுக்குப் போனார், −3, புதிதாக வந்தவர்களுக்கும் வளர்ந்துவரும் இளைஞர்களுக்கும் சேர்த்து +5, ஆக 85. புளூ ஜேஸ்: ஆண்ட்ரெஸ் ஹிமேனெஸ், சான்டாண்டர் இருவருக்கும் சேர்த்து நான்கு கூட்ட, 80. ரேஸ்: காயத்திலிருந்து திரும்பும் பிட்சர்களுக்காக இரண்டு, 79.

இந்தப் படியில் எல்லோரும் ஒரே பக்கம் சறுக்குகிறார்கள். வந்தவரைக் கூட்டுவார்கள், போனவரைக் கழிக்க மறப்பார்கள். வந்த செய்திக்குத்தான் புகைப்படம் உண்டு. எனவே முப்பது அணிகளையும் கணித்து முடித்ததும் மொத்த வெற்றியைக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர்தான் வெல்ல முடியும்; 30 அணிகள் × 81 = 2430. அதற்கு மேல் வந்தால் இல்லாத வெற்றிகளை ஊருக்கெல்லாம் வாரி வழங்கியிருக்கிறீர்கள். ஒரே பிரிவை மட்டும் கணித்தால் இந்தச் சோதனை அவ்வளவு கறாராகப் பொருந்தாது, ஏனென்றால் வலுவான பிரிவு மற்ற பிரிவுகளிடமிருந்து வெற்றியை எடுத்துக்கொள்ளும். 2023 முதல் ஓர் அணி தன் பிரிவின் மற்ற நான்கு அணிகளோடும் தலா 13 ஆட்டம்தான் ஆடுகிறது. அதற்கு முன் 19. ஆகவே கடினமான பிரிவில் மாட்டிக்கொண்டோம் என்ற புலம்பலுக்கு முன்போல் இடமில்லை.

4. மார்ச் மாதச் செய்திகள்

பிப்ரவரியில் அணிகள் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம் போடுகின்றன. அங்கே நடக்கும் பயிற்சி ஆட்டங்களின் ஸ்கோரைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஐந்தாம் இன்னிங்ஸுக்குப் பிறகு ஆடுபவர்களில் பலர் ஏப்ரலில் அந்த அணியிலேயே இருக்க மாட்டார்கள்.

பார்க்க வேண்டியது காயச் செய்தி, அதிலும் பிட்சரின் முழங்கை. "முன்கையில் லேசான இறுக்கம், பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று ஓர் அறிக்கை வந்தால் என் பென்சில் உடனே எழுந்துவிடும். பல நேரங்களில் அது டாமி ஜான் அறுவைச் சிகிச்சையில் போய் முடியும். 1974இல் முதன்முதலில் அதைச் செய்துகொண்ட பிட்சரின் பெயரே அந்தச் சிகிச்சைக்கு நிலைத்துவிட்டது. திரும்பிவர ஓராண்டுக்கு மேல் ஆகும். 2025 மார்ச்சில் யாங்கீஸின் கேரட் கோலுக்கு நடந்தது அதுதான். அந்த சீசனில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. 90லிருந்து மூன்றைக் கழித்து 87 என்று எழுதினேன்.

தொடக்க பிட்சர்கள் ஐந்து பேர் முறை வைத்து வீசுவதாக எல்லா அணியும் அறிவிக்கும். நம்பாதீர்கள். ஐவரும் சீசன் முழுக்கத் தாங்குவது அபூர்வம். அணியின் ஏழாவது, எட்டாவது பிட்சர் யார் என்று தேடுங்கள். அங்கே தெரிந்த பெயர் இருந்தால் அந்த அணிக்கு ஜூலையில் மூச்சு இருக்கும்.

மைதானமும் சில நேரம் செய்தியாகும். 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி ரேஸ் அணியின் மூடிய மைதானத்தின் கூரையைக் கிழித்துப் போட்டது. 2025 முழுவதும் அவர்கள் டாம்பாவில் யாங்கீஸின் பயிற்சி மைதானத்தில், திறந்த வானத்தின் கீழ் ஆட வேண்டியிருந்தது. கோடை மழைக்குப் பயந்து சொந்த ஊர் ஆட்டங்களைத் தொடக்க மாதங்களில் நெருக்கிப் போட்டார்கள். அப்படி இருக்கும்போது மே மாதத்தில் ரேஸ் மேலே தெரிந்தால் மயங்கக் கூடாது. வெளியூர்ப் பயணமெல்லாம் பின்னால் காத்திருக்கிறது.

5. வரிசை ஒரு குலுக்கல் சீட்டு

இப்போது தாளில் இருப்பது: யாங்கீஸ் 87, ரெட் சாக்ஸ் 86, ஓரியோல்ஸ் 85, புளூ ஜேஸ் 80, ரேஸ் 79. முதலுக்கும் கடைசிக்கும் எட்டு வெற்றிதான் இடைவெளி.

நாணயத்தின் தள்ளாட்டம் மட்டுமே ஆறு வெற்றி என்று பார்த்தோம். நம் கணிப்பின் பிழை, காயம், எதிர்பாராத எழுச்சி எல்லாம் சேர்த்தால் ஒன்பது என்று வையுங்கள். அப்படியானால் இரண்டு வெற்றி முன்னால் இருக்கும் அணி கடைசியில் உண்மையிலேயே முன்னால் முடிக்க வாய்ப்பு ஏறக்குறைய 56 சதவீதம். பத்து வெற்றி இடைவெளி என்றால் 78. இருபது என்றால் 94. ஆக, என் தாளில் யாங்கீஸுக்கும் ரெட் சாக்ஸுக்கும் இடையே உள்ள ஒரு வெற்றிக்கு எந்த மதிப்பும் இல்லை. "யாங்கீஸ் முதலிடம்" என்று சொல்வதைவிட "மூன்று அணிகள் முட்டிக்கொள்ளும், கீழே உள்ள இரண்டில் ஒன்று மேலே வந்தாலும் அதிசயமில்லை" என்று சொல்வதே இந்த எண்களுக்கு நேர்மை.

நடந்தது என்ன? புளூ ஜேஸ் 94, யாங்கீஸ் 94, ரெட் சாக்ஸ் 89, ரேஸ் 77, ஓரியோல்ஸ் 75. முந்தைய ஆண்டு கடைசி அணி முதலிடத்தில். இரண்டு ஆண்டுக்கு முன் 101 வெற்றியோடு பிரிவை வென்ற ஓரியோல்ஸ் கடைசியில்.

94க்கு 94 என்று சமன் ஆனபோது யார் முதல்? 2022க்கு முன் என்றால் 163வது ஆட்டம் ஒன்று வைத்துத் தீர்ப்பார்கள். இப்போது நேருக்கு நேர் மோதிய கணக்கைப் பார்க்கிறார்கள். இருவரும் ஆடிய 13 ஆட்டங்களில் டொரொன்டோ 8, நியூயார்க் 5. அதில் நான்கு, ஜூலைத் தொடக்கத்தில் டொரொன்டோவில் அடுத்தடுத்து வந்த வெற்றிகள். மே மாத இறுதியில் எட்டு ஆட்டம் பின்தங்கியிருந்த அணி அந்த நான்கு நாளில் முதலிடத்துக்கு வந்தது.

ஜார்ஜ் ஸ்பிரிங்கரைச் சொல்லாமல் விட முடியாது. 2024இல் 0.220 பேட்டிங் சராசரி, 19 ஹோம் ரன் (நம் சிக்ஸர் போல). வயதும் 35 ஆகிவிட்டது. மார்செல் குரங்கு மட்டுமல்ல, அவருடைய சொந்த ஊர்க்காரர்கள்கூட அவரை எழுதித் தள்ளியிருப்பார்கள். 2025இல் 0.309, 32 ஹோம் ரன். இதை மார்ச்சில் கணித்தேன் என்று யாராவது சொன்னால், தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

6. சீசன் நடுவே தாளை எடுத்துப் பார்ப்பது

நம் ஊரில் கோடைகாலத்தில் கிழக்குப் பிரிவின் இரவு ஆட்டங்கள் அதிகாலை நாலரைக்குத் தொடங்கும். எழுந்ததும் காப்பியோடு ஸ்கோர் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ஏப்ரலிலேயே கணிப்பை மாற்றக் கை துறுதுறுக்கும். மாற்றலாம், ஆனால் விலை கொடுத்து மாற்ற வேண்டும்.

எளிய விதி: இதுவரை உள்ள வெற்றி தோல்வியோடு, 35 வெற்றி 35 தோல்வி கொண்ட 70 கற்பனை ஆட்டங்களைச் சேருங்கள். ஓர் அணி 20-10 என்று தொடங்கியிருக்கிறது. 20 உடன் 35 கூட்டினால் 55, மொத்தம் 100 ஆட்டம், விகிதம் 0.55. மிச்சமுள்ள 132 ஆட்டங்களில் அதே விகிதத்தில் 73 வெற்றி. ஏற்கெனவே உள்ள 20ஐச் சேர்த்தால் 93. இதே வேகத்தில் போனால் 108 என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள், சொல்லட்டும். உங்கள் மார்ச் கணிப்பின் மீது நம்பிக்கை இருந்தால், கற்பனை ஆட்டங்களைச் சரிபாதியாக வைக்காமல் அந்தக் கணிப்பின் விகிதத்தில் வையுங்கள்.

இந்த 70க்கு எதிராகத் துள்ளிய மனது எனக்கும் உண்டு. 2023இல் ரேஸ் முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. பிரிவு முடிந்துவிட்டது என்று ஏப்ரலிலேயே பேச்சு. கடைசியில் 99 வெற்றி, மிக நல்ல எண்தான், ஆனால் இரண்டாமிடம். 2024 மெட்ஸ் முதல் ஐந்தையும் தோற்று, ஜூன் தொடக்கத்தில் 24-35 என்று கிடந்து, 89 வெற்றியோடு பிளேஆஃப் போனது.

ஜூலை இறுதியில் வீரர் பரிமாற்றத்துக்கான கெடு வரும். அன்று அணிகள் இரண்டாகப் பிரியும்: வாங்குபவர், விற்பவர். விற்கத் தொடங்கிய அணிக்கு மிச்சமுள்ள ஆட்டங்களில் சில வெற்றிகளைத் தாராளமாகக் கழியுங்கள். 2025 ஜூலை 29 அன்று பால்டிமோரில் ஓரியோல்ஸும் புளூ ஜேஸும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடினார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஓரியோல்ஸ் தன் பிட்சர் செரான்தனி டொமிங்கெஸை எதிரணிக்கே கொடுத்துவிட்டது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், அன்றிரவே டொரொன்டோ சட்டையில் பால்டிமோருக்கு எதிராகப் பந்து வீசினார். அந்த வாரம் ஓரியோல்ஸ் கை மாற்றியவர்கள் இன்னும் பலர். முதலிடமும் கடைசியிடமும் செப்டம்பருக்குள் எவ்வளவு விலகும் என்பதை அந்த ஒரு மாலை காட்டியது.

7. அக்டோபரில் மதிப்பெண்

தாளை மாற்றாமல் வைத்திருந்தால்தான் இந்தப் படிக்கு வர முடியும். ஒவ்வோர் அணிக்கும் கணித்த வெற்றிக்கும் நடந்த வெற்றிக்கும் உள்ள வித்தியாசத்தை, கூடுதல் குறைவு பார்க்காமல் கூட்டி, ஐந்தால் வகுங்கள். என் தாளில்: யாங்கீஸ் 7, ரெட் சாக்ஸ் 3, ஓரியோல்ஸ் 10, புளூ ஜேஸ் 14, ரேஸ் 2. மொத்தம் 36, அணிக்கு 7.2 வெற்றி பிழை.

இது நல்லதா கெட்டதா என்று தனியாகப் பார்த்தால் தெரியாது. பக்கத்தில் இரண்டு சோம்பேறிக் கணிப்புகளை நிறுத்த வேண்டும். முதல் சோம்பேறி, போன ஆண்டுப் பட்டியலை அப்படியே எழுதியவர்: பிழை 0, 16, 8, 3, 20; அணிக்கு 9.4. இரண்டாம் சோம்பேறி, எதையும் படிக்காமல் ஐந்து அணிக்கும் 81 என்று எழுதியவர்: 8.8.

மறுபடி பாருங்கள். ஒரு முழு ஆண்டின் 162 ஆட்ட முடிவுகளையும் கையில் வைத்திருந்தவர், எதுவுமே தெரியாதவரிடம் தோற்றிருக்கிறார். இந்தப் பிரிவின் இந்த ஆண்டில் நேர்ந்தது இது. எல்லா ஆண்டும் இப்படி ஆகாது. ஆனாலும் இரண்டாம் படியில் 81ஐ நோக்கி இழுக்கத் தயங்கியவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று என்னிடம் இல்லை.

வரிசையைச் சரியாகச் சொன்னோமா என்று மதிப்பெண் போடாதீர்கள். ஐந்து அணிகளை 120 விதமாக அடுக்கலாம். ஒன்று சரியாக விழுந்தால் அது பெரும்பாலும் சீட்டு விழுந்த கதைதான்.

2026 சீசனுக்கான தாளை இதிலிருந்தே தொடங்கலாம். 2025இன் ரன் வித்தியாசங்கள்: யாங்கீஸ் +164, ரெட் சாக்ஸ் +110, புளூ ஜேஸ் +77, ரேஸ் +31, ஓரியோல்ஸ் −111. முதல் இரண்டு படிகளையும் போட்டால் 92, 88, 86, 83, 74. பிரிவை வென்ற டொரொன்டோ ரன் கணக்கில் மூன்றாவது. இதற்கு மேல், வந்தவர் போனவர் கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணைச் சொன்னதும் ஸ்கார்பரோவில் இரண்டு நாள் மௌனம். பிறகு மைத்துனர் தன் கணிப்பை அனுப்பினார். முப்பது அணிகளும் இருந்தன, அழகான கையெழுத்து, புளூ ஜேஸுக்கு 104. கூட்டிப் பார்த்தேன்: 2511. இல்லாத 81 வெற்றிகளை எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறார். யாரிடமிருந்து கழிப்பது என்று அவரே முடிவு செய்யட்டும் என்று தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.